பதினோரு நாள் தண்ணீர்

கடைசித் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருவது காலை ஆறு பத்துக்கு. நிற்பது ஆறு முப்பதுக்கு. ஒரு நாள் ஒரு நிமிடம் கூடுதலாக வரும். இன்னொரு நாள் இருபத்தெட்டிலேயே தொண்டை கட்டியதுபோல இருமிவிட்டு நின்றுவிடும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேதி போட்டு, நிமிடம் போட்டு எழுதி வைத்தவர் ஒருவர்தான்.

அவர் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கைக்கு வண்டி இல்லை. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது, அதற்குக் கீழே குழாய் இருந்தது. பென்சிலை எடுத்து அன்றைய கட்டத்தில் ‘உள் 6.10, வெளி 6.30’ என்று எழுதிவிட்டார்.

“இது என்ன தண்ணியா, ஏழாம் நம்பர் பஸ்ஸா?” என்று அவர் மனைவி கேட்டாள்.

“பஸ்ஸு சீக்கிரம் கிளம்பிட்டா டிரைவரைக் கூப்பிட்டுக் கேக்கலாம். இதுக்கு யாரைக் கேக்கிறது?” என்றார். கொஞ்ச நாளில் யாரைக் கேட்பது என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

நகர மன்றத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் வரி கட்டுவோர் கூட்டம் நடக்கும். வீட்டு வரி ரசீதைக் காட்டினால் ஒரு டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு கேள்வி. ஆறு வருஷம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார். “மேல் தெருக்களுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர். கடைசித் தெருவுக்கு இருபது நிமிஷம். வரி மட்டும் எல்லாருக்கும் ஒரே வரி. ஏன்?” மன்றத் தலைவரும் ஆறு வருஷம் ஒரே பதிலைச் சொன்னார். தொட்டியில் அழுத்தம் போதாது, மேல் தெருவுக்குக் குறைத்தால்தான் கடைசித் தெருவுக்குக் கூட்ட முடியும், ஆவன செய்கிறோம். வீட்டுக்கு வந்ததும் டைம்கீப்பர் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ‘ஆவன, நாலாம் முறை’, ‘ஆவன, ஐந்தாம் முறை’ என்று அதையும் குறித்துவிடுவார். ஊரில் அவருக்கு ‘ஏன்’ என்றே பேர் விழுந்துவிட்டது. “என்ன ஏன், சௌக்கியமா?” என்று கடைத்தெருவில் கேட்பார்கள். அவரும் கோபப்படாமல் “இருபது நிமிஷத்துக்கு ஏத்த சௌக்கியம்” என்பார்.

போன வருஷம் ஒரு நாள் காலையில், தண்ணீர் வந்து நிற்பதற்குள் அவர் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, மடியில் பென்சிலோடு.

இந்த வருஷம் கூட்டம் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. அவர் மனைவி வரி ரசீதை எடுத்துக்கொண்டு மன்ற அலுவலகத்துக்குப் போனாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். குமாஸ்தாவுடையதும்தான்.

“அக்கா, ரசீதுல அண்ணன் பேர்ல இருக்கே. பேர் மாத்தலையா?” என்றார் குமாஸ்தா.

“வரி கட்டினது நான்தானே தம்பி? வாங்கும்போது பேர் பாக்கலையே நீங்க?”

“வாங்கும்போது பாக்க மாட்டோம் அக்கா. கேள்வி கேக்கிறதுன்னாதான் பாப்போம்.”

“சரி, இப்ப மாத்திக் குடுங்க.”

“நாப்பத்தஞ்சு நாள் ஆகும்.” அவருக்கே சங்கடமாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார். “நன்றி சொல்றதுன்னா டோக்கன் வேண்டாம், ரசீது வேண்டாம். தலைவர் புதுசாக் கொண்டு வந்த ஏற்பாடு. கேள்வி நேரத்துக்கு முன்னாடி நன்றி நேரம். ஆளுக்கு ரெண்டு நிமிஷம்.”

“அதுக்கு ஆள் வருதா?”

“தலைவரோட மச்சான் வருவார்” என்றார் குமாஸ்தா, எங்கோ பார்த்துக்கொண்டு.

வீட்டுக்குத் திரும்பியபோது நாத்தனார் வாசலிலேயே நின்றாள். டைம்கீப்பரின் தங்கை. கணவரோடு இரண்டு வீடு தள்ளி இருந்தாலும் பகலெல்லாம் இங்கேதான்.

“குடுக்கலையா? அப்போ அண்ணனோட கேள்வி அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்போல.”

“தலைவரை எதிர்த்து நிக்கிறாரே, அவர்கிட்ட அந்தக் காலண்டரையெல்லாம் குடுத்துடுங்க அண்ணி. அண்ணன் போட்டோவோட சுவர் சுவரா ஒட்டிடுவாங்க.”

“உங்க அண்ணன் கேள்வி கேட்டாரு. யாருக்கும் கொடி பிடிக்கல. சுவர்ல ஒட்டினா அவரை அவருக்கே பிடிக்காது.”

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. ஆறு வருஷம் ஒரு மனிதர் எழுந்து நின்று கேட்டது, ரசீதில் பேர் மாற்றாததால் அடங்கிவிடுமா? அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் போனால் அவர் இரண்டாம் முறை போனதுபோல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை நாத்தனாரிடம் சொல்லவில்லை.

காலண்டர்கள் எல்லாம் ஒரே ஆணியில், ஒன்றின் பின் ஒன்றாகத் தொங்கின. அவர் போன பிறகும் எழுதுவது நிற்கவில்லை. மறுநாள் காலை வீடு முழுக்க உறவுக்காரர்கள் இருந்தபோது குழாய் இருமியது. அவள் கை தானாகப் பென்சிலுக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவள்தான் எழுதுகிறாள். ஆனால் அந்த மாதத் தாளை மட்டும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. இன்றைக்கு எடுத்தாள்.

பதினாறாம் தேதிக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் ‘உள் 6.10’. அதோடு சரி. ‘வெளி’ இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அடுத்த கட்டங்கள் கண்ணில் பட்டன. அவளே எழுதியதுதான். அந்த நாட்களில் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்தா எழுதினாள்? பதினேழு: உள் 6.10, வெளி 7.10. பதினெட்டு: உள் 6.10, வெளி 7.12. இப்படியே இருபத்தேழு வரைக்கும். இருபத்தெட்டாம் தேதி பழையபடி 6.30.

சாயங்காலம் கிழிசல் தைக்க வால்வுக்காரர் வந்தார். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர். அவருடைய காக்கி கால்சட்டை முட்டியில் கிழியாத மாதமே கிடையாது.

அவள் தாளை அவர் முன்னால் நீட்டினாள். “இது என்ன?”

அவர் படித்தார். காதைச் சொறிந்தார். “ஓ, அதா. வீட்டுல அத்தனை பேர் தங்கியிருக்காங்க, பாவம், ஒரு மணி நேரம் விடுய்யான்னு தலைவர்தான் சொன்னார். வந்தவங்கல்லாம் கிளம்பற வரைக்கும் விட்டேன்.”

“மேல் தெருவுக்குக் குறைச்சுட்டா?”

“அதை எதுக்குக் குறைக்கணும்? தினமும் ஆறரை மணிக்கெல்லாம் தொட்டி வழிஞ்சு ஓடுது. வழியறதைத்தான் இந்தப் பக்கம் திருப்பினேன்.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. “அக்கா, சத்தியமா என் பேரை இழுத்துராதீங்க. அறைச் சுவர்ல அட்டவணை ஒட்டியிருக்கு. கடைசித் தெரு இருபதுன்னு போட்டிருக்கு. நான் அட்டவணைப்படி திறக்கிறவன்.”

“இழுக்கல. கால்சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

“இப்பவா?”

“வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டுக் குடுத்து விடுங்கன்னு சொன்னேன்!” நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

அவர் போனதும் நாத்தனார் சிரிப்பை நிறுத்தினாள். “மாட்டினார் தலைவர். ஆனா அண்ணி… சாவு வீட்டுக்குன்னு இரக்கப்பட்டு விட்டவரை, அதையே வச்சு சபையில நிறுத்தறதா? நாளைக்கு யார் யாருக்கு நல்லது செய்வாங்க?”

அவளுக்கும் அதுதான் உறுத்தியது. அன்றைக்கு வீட்டில் முப்பது பேர். அத்தனை பேரும் குளித்ததும் சாப்பிட்டதும் அந்தத் தண்ணீரில்தான். அதற்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யார் விட்டார்கள் என்றுகூடத் தெரியாது.

“நன்றி சொல்லணும்தான்” என்றாள் மெதுவாக. “சொல்லாம விட்டது தப்பு.”

“நன்றின்னு ஆரம்பிச்சுச் சண்டையில முடிச்சிராதீங்க.”

“நன்றியில ஆரம்பிச்சு நன்றியிலேயே முடிக்கிறேன். நீ கூட வா.”

மன்றக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றியது. அதன் கீழே தலைவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மன்றப் பொறியாளர். தேர்தல் நெருங்கியதால் தலைவர் முகம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது, சிரிப்பதற்கென்று ஒரு காரணம் தேவைப்படவில்லை.

முதலில் மச்சான் எழுந்தார். தன் வீட்டு முன்னால் தெருவிளக்குப் போட்டதற்கு நன்றி சொன்னார். “அங்க ஏற்கெனவே ரெண்டு இருக்கேய்யா!” என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். அடுத்து அவள் ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றாள். கையில் சுருட்டிய காலண்டர் தாள்.

“போன வருஷம் எங்க வீட்டுக்காரர் தவறினப்ப, தலைவர் எங்க தெருவுக்கு ஒரு மணி நேரம் தண்ணி விடச் சொன்னாரு. பதினோரு நாள். வீடு நிறைய ஆளு, அந்தத் தண்ணி இல்லன்னா தவிச்சுப் போயிருப்போம். அப்ப சொல்லத் தெரியல. இப்ப சொல்றேன். ரொம்ப நன்றி ஐயா.”

கூடம் கை தட்டியது. தலைவர் நிஜமாகவே நெகிழ்ந்துபோனார். “அது என் கடமை தங்கச்சி. கேள்வி கேட்டு என்னைத் தூங்க விடாத மனுஷன்தான். ஆனா நல்ல மனுஷன். நான் இதை வெளியில சொல்லிக்கல.” சுற்றிலும் பார்த்து இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, “சொல்லிக்கல” என்றார்.

“ஒரே நன்றியா சொன்னா போதாது. பதினேழாம் தேதி, உள் ஆறு பத்து, வெளி ஏழு பத்து. பதினெட்டு, உள் ஆறு பத்து, வெளி ஏழு பன்னிரண்டு…”

“அதான் நன்றி சொல்லியாச்சேம்மா” என்றார் மச்சான்.

“ரெண்டு நிமிஷம் இருக்கு தம்பி. இன்னொருத்தருக்கும் சொல்லணும்.” அவள் கூடத்தின் பக்கம் திரும்பினாள். “மேல் தெருக்காரங்களுக்கு. எங்களுக்கு ஒரு மணி நேரம் விட்டா உங்களுக்குக் குறையும்னு தலைவர் ஆறு வருஷமாச் சொல்லியிருக்காரு. அந்தப் பதினோரு நாள் எங்களுக்காகக் குறைச்சுக்கிட்டு, ஒருத்தர்கூட முகம் சுளிக்கல. உங்க எல்லாருக்கும் நன்றி.”

மேல் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் எழுந்தார். செய்யாத உதவிக்கு நன்றி வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

“அம்மா, எங்களுக்குக் குறையலையே. நான் விடிகாலையில மாவு பிசையறவன். ஒரு குடம் குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்.”

“குறையலையா?”

“ஒரு சொட்டுக்கூட.”

“அப்படியா? சரிங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நன்றி நேரம் முடிந்தது. குமாஸ்தா முதல் டோக்கனைக் கூப்பிட்டார். முதல் டோக்கன் கடைசித் தெருப் பால்காரருடையது. அவர் தன் வாசலில் சாக்கடைக்கு மூடி கேட்பதாக எழுதி வந்திருந்தார். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“ஏன்?”

கூடம் வெடித்துச் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்காமல் பொறியாளர் பக்கம் சாய்ந்தார். முன்னாலிருந்த ஒலிவாங்கியை மறந்துபோனார்.

“பம்ப்பு மாத்தி எத்தனை வருஷம்யா ஆச்சு?”

“ஏழு வருஷம் சார்.”

“அப்புறம் என்ன இருபது நிமிஷம்?”

“அட்டவணை பழைய பம்ப்புக்குப் போட்டது சார்.”

“ஏன்யா மாத்தல?”

“நீங்க மாத்தச் சொல்லலையே சார்.”

“நீ சொன்ன அழுத்தம் போதாதுங்கிறதைத்தானே நான் ஆறு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்!”

“அதுவும் பழைய பம்ப்போடதுதான் சார்.”

இது மொத்தமும் கூடத்தின் நாலு மூலைக்கும் கேட்டது. தலைவர் நிமிர்ந்தபோது எதிரே முந்நூறு முகங்கள். ஒரு நிமிஷம் அவர் என்ன செய்வாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானும் சிரித்துவிட்டார். வேறு வழியும் இல்லை.

“தப்பு நம்ம பக்கம்தான். கேட்ட மனுஷன்கிட்டச் சொல்ல முடியல, உங்ககிட்டச் சொல்றேன். திங்கக்கிழமையிலேருந்து கடைசித் தெருவுக்கு ஒரு மணி நேரம்.” குமாஸ்தாவைப் பார்த்து, “எழுதிக்கோய்யா” என்றார்.

குமாஸ்தா குனிந்து எழுதினார். பழக்க தோஷம், எழுதியதை வாய்விட்டுப் படித்தார். “கடைசித் தெருத் தண்ணீர் குறித்து ஆவன…”

“தம்பி!” உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் குரல் வந்தது. “ஆவன வேண்டாம். ஆறு இருக்கு எங்ககிட்ட. திங்கக்கிழமைன்னு எழுதுங்க.”

குமாஸ்தா அடித்துவிட்டு, திங்கட்கிழமை என்று எழுதினார்.

திங்கட்கிழமை ஆறு பத்துக்குக் குழாய் இருமியது. அவள் ‘உள் 6.10’ என்று எழுதிவிட்டு வால்வுக்காரரின் கால்சட்டையைத் தைக்க உட்கார்ந்தாள். ஆறு முப்பது ஆயிற்று. இத்தனை வருஷப் பழக்கத்தில் கால் மெஷினை நிறுத்திவிட, காது குழாயின் பக்கம் போயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

“அண்ணி, குடம் நிறைஞ்சாச்சு, அண்டா நிறைஞ்சாச்சு. இனிமே எதுல பிடிக்கிறது? உங்க டவராவையும் எடுத்துட்டேன்” என்று நாத்தனார் உள்ளேயிருந்து கத்தினாள்.

“குழாயை மூடு. நாளைக்கும் வரும்.”

அந்தத் தெருவில் குழாயை யாராவது தாங்களாக மூடியது அன்றைக்குத்தான்.

ஏழு மணிக்கு வாசலில் தலைவர் நின்றார். பின்னால் துண்டறிக்கைக் கட்டோடு மச்சான்.

“தங்கச்சி, நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“நன்றியா? டோக்கன் வேண்டாம், சொல்லுங்க.”

தலைவர் சிரித்தார். “அன்னைக்கு நீங்க சண்டை போட்டிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். பம்ப்பு விஷயம் வெளியிலயே வந்திருக்காது. சரி, ஓட்டு எனக்குத்தானே?”

“அதை ஓட்டுப் பெட்டிகிட்டச் சொல்லிக்கிறேன். ஜெயிச்சா அடுத்த வருஷக் கூட்டத்துக்கு வாங்க. அதுக்குள்ள ரசீதுல என் பேர் வந்துடும்.”

“அடுத்த வருஷம் என்ன கேள்வி?” தலைவர் முகத்தில் லேசாகக் கவலை தெரிந்தது.

“பால்காரர் வாசல்ல சாக்கடைக்கு மூடி இல்ல. பாவம், தன் கேள்வியை எங்களுக்குக் குடுத்துட்டாரு.”

மச்சான் துண்டறிக்கையின் பின்பக்கம் ‘மூடி’ என்று குறித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு குழாயைத் திறந்து, அது இருமி நின்றதும் மணி பார்த்து, ‘வெளி 7.10’ என்று எழுதினாள். பென்சில் கையில் இருந்ததால் பழைய காலண்டரைத் திருப்பி, அந்தப் பதினாறாம் தேதியை எடுத்தாள். ‘உள் 6.10’. பக்கத்தில் இடம் இருந்தது. எழுதலாமா என்று யோசித்தாள். வேண்டாம், அது அவர் எழுத வேண்டிய கட்டம் என்று தாளை விட்டுவிட்டாள். அது மடங்கி, தன் இடத்தில் போய்த் தொங்கியது.

வால்வுக்காரரின் கால்சட்டையில் இடது முட்டி இன்னும் பாக்கி இருந்தது.