மூத்தவளுக்குப் புது சிலிண்டர்

கண்ணாடிக்காரர் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியது கல்யாணத்துக்கு முன்னால். அதனால் அவர் மனைவி அதை வண்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'உங்க மூத்தவ' என்பாள். "உங்க மூத்தவ வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறா, தள்ளி வைங்க" என்பாள். "மூத்தவளைக் குளிப்பாட்டித் துடைச்சாச்சுன்னா, இளையவளுக்கு ஒரு வாளி தண்ணி தூக்கி வைங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே தூக்கி வைப்பார். தூக்கும்போது அந்த வாளி அவரைத் தூக்குகிறதா, அவர் வாளியைத் தூக்குகிறாரா என்று சொல்வது கஷ்டம். அவ்வளவு ஒல்லி.

மேட்டுத் தெருவின் அடிவாரத்தில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மேட்டின் உச்சியில் அவளுக்கு ரொட்டிக் கடை. தினமும் காலையில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பாதி மேடு வரைக்கும் பிரச்சினை இல்லை. சலவைக்கடை வளைவு வந்ததும் வண்டிக்கு மூச்சு வாங்கும், இருமும், அப்படியே நிற்கப் பார்க்கும். அவள் இறங்கி நடப்பாள். சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து, "நீங்க நடங்கம்மா, வண்டி பின்னாலயே வந்துடும்" என்பார். அவள் போய்க் கடை திறந்து, அடுப்பு மூட்டி, மாவில் கை வைத்த பிறகுதான் வண்டி வந்து சேரும்.

இதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒருநாள் சலவைக்காரர் அவர் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் இறங்கி நடந்தா, மூணு பேரும் ஒண்ணாப் போய்ச் சேரலாம்" என்றார். அதைக் கேட்டு மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கே எஞ்சினுக்குப் பலம் கூட்டும் 'பிக் போர் கிட்' ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

பார்சல் வந்தது. பெரிய சிலிண்டர், அதற்கேற்ற பிஸ்டன், ரிங்குகள், கேஸ்கெட்டுகள். எஞ்சினின் மற்ற பாகங்களைத் தொடாமல், இதை மட்டும் மாற்றினால் போதும். அதிகக் காற்றை இழுக்கும், அதிக பலம் கொடுக்கும். பழைய பிஸ்டன் டீ கிளாஸ் என்றால் இது சொம்பு. மனைவி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"மூத்தவளுக்கு இவ்வளவு பெரிய நெஞ்சா?"

"இனிமே நீ இறங்க வேண்டாம், பாரேன்."

"பாக்கறேன், பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குக் கிளம்பினாள். நடந்துதான்.

கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு அவர் கொல்லைப்புறத்தில் பழைய போர்வையை விரித்தார். அப்போது யாரும் கூப்பிடாமலே மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் அக்கா வீட்டு அடுப்பிலேயே போட்டுக்கொண்ட டீ.

"உனக்கு எஞ்சின் வேலை தெரியுமா மாப்ளே?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? பிஸ்டன் என்ன பண்ணும்? மேல போகும், கீழ வரும். லிஃப்ட்டும் அதேதானே! உள்ள ஆள் இருக்க மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

டேங்க்கை இறக்கினார்கள். கார்புரேட்டரைக் கழற்றினார்கள். எஞ்சினின் தலையை எடுத்து, பழைய சிலிண்டரை மெல்ல மேலே உருவினார்கள். கீழே எஞ்சினின் வயிறு வாய் பிளந்து நின்றது. கண்ணாடிக்காரர் அதை ஒரு துணியால் பொத்தி வைத்தார். "இதுக்குள்ள ஒரு தூசி விழுந்தாலும் தொலைஞ்சோம்" என்று இரண்டு தடவை சொன்னார். மூக்குக்கண்ணாடியின் கடுகளவு திருகாணிகளோடு காலம் தள்ளுகிறவர். சின்னச் சாமான் தொலைந்தால் என்ன பாடு என்பது அவருக்குத் தெரியும்.

புதுப் பிஸ்டனைப் பொருத்தி, அதைத் தாங்கும் இரும்புப் பின்னைச் செருகியாகிவிட்டது. அந்தப் பின் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் நகக்கண் அளவில் ஒரு கம்பி வளையம் மாட்ட வேண்டும். ஒன்று சமர்த்தாக உட்கார்ந்தது. இரண்டாவதை இடுக்கியால் அழுத்தியபோது 'டிங்' என்று ஒரு சத்தம். வளையத்தைக் காணோம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எஞ்சினைப் பார்த்தார்கள். வாய் திறந்து கிடந்தது.

"துணி எங்கடா?"

மச்சான் தன் கையைப் பார்த்தான். அதில்தான் இருந்தது. "கை பிசுக்குன்னு இருந்துச்சு மாமா, துடைச்சுக்கலாம்னு..."

கண்ணாடிக்காரர் போர்வையிலேயே உட்கார்ந்துவிட்டார். வளையம் உள்ளே கிடக்க, எஞ்சினை ஓட்டினால் அத்தனையும் சின்னாபின்னமாகிவிடும். வயிற்றையே பிளந்து பார்ப்பதென்றால் ஒரு மாதத்து வேலை.

"கவலைப்படாதீங்க மாமா" என்று மச்சான் உள்ளே ஓடினான். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஸ்ட்ராபெரி காந்தத்தைப் பிய்த்து, தையல் நூலில் கட்டிக்கொண்டு வந்தான். எஞ்சினுக்குள் அதை இறக்கி, இருவரும் தலையோடு தலை முட்ட மீன் பிடிப்பவர்களைப்போலக் குந்தியிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து ஸ்ட்ராபெரி எண்ணெய் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அதன் அடியில் ஒரு வளையம்!

"சொன்னேன்ல!" என்று மச்சான் எழுந்து ஆடவே தொடங்கிவிட்டான்.

கண்ணாடிக்காரர் கடையில் பயன்படுத்தும் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்மது இல்ல."

"என்ன மாமா சொல்றீங்க?"

"நம்மது பளபளன்னு புதுசு. இது கறுத்துக் கிடக்கு. பல வருஷமா உள்ளயே இருந்திருக்கு."

"அப்ப இது யாரோடது?"

"எனக்கு முன்னால இந்த வண்டியை வச்சிருந்தவனோட மச்சான் விட்டது" என்றார் கண்ணாடிக்காரர்.

மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தான். குடித்தவன் அப்படியே நின்றான். கன்னம் ஒரு பக்கம் உப்பியது. விரலை வாய்க்குள் விட்டுப் பளபளவென்று எதையோ எடுத்தான்.

"மாமா, டீல இரும்புச்சத்து கொஞ்சம் ஜாஸ்தி."

அதற்கு மேல் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. சிலிண்டர் இறங்கியது, தலை ஏறியது, போல்ட்டுகள் இறுகின, புது எண்ணெய் ஊற்றியாயிற்று. வெயில் சாயும் நேரம் கண்ணாடிக்காரர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வண்டியில் ஏறி, கிக்கரை ஓங்கி மிதித்தார்.

கிக்கர் இறங்கவில்லை. பாறையை மிதித்ததுபோல் இருந்தது. இன்னும் ஓங்கி மிதித்தார். பாதி இறங்கிய கிக்கர் திருப்பி அடித்த அடியில் ஆள் எழும்பிப் போய் மச்சான் மடியில் விழுந்தார்.

"தள்ளுங்க மாமா, இதுக்கெல்லாம் ஒரு இது வேணும்" என்று மச்சான் ஏறினான். அவன் செருப்பு மதிலுக்கு அந்தப் பக்கம் பறந்தது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்தாள். முழங்கை வரை மாவு. ஒற்றைச் செருப்போடு நின்ற தம்பியையும், இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னவாம் மூத்தவளுக்கு?"

"பலம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் அவர், பெருமையும் வருத்தமும் கலந்த குரலில். "உதைக்க முடியல."

"உதைச்சா யாருக்குத்தான் கோபம் வராது? நகருங்க." அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கிக்கரில் காலை வைத்து, மாவு பிசையும்போது சாய்வதுபோல, மொத்த உடம்பையும் அவசரமில்லாமல் அதன்மேல் இறக்கினாள். எஞ்சின் ஒருமுறை கனைத்துவிட்டுத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மச்சான் கைதட்டினான். கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் காலை அவள் கிளப்பிக் கொடுக்க, அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். புது ரிங் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். மெதுவாகவே போனாலும் சலவைக்கடை வளைவில் வண்டி முணுமுணுக்கக்கூட இல்லை. சலவைக்காரர் வழக்கம்போல வாசலுக்கு வந்து வாயைத் திறந்தார். 'நடங்கம்மா' என்று சொல்ல அங்கே நடப்பவர் யாரும் இல்லை. "வரோம்ணே!" என்று அவள்தான் திரும்பிக் கை காட்டினாள். அவள் பெருமைப்படுகிறாள் என்பது அவருக்கு முதுகிலேயே தெரிந்தது. அவள் கையால் அங்கே ஒரு நல்ல அடி விழுந்திருந்தது.

ஆனால் ஒரு சங்கடம். சாயங்காலம் அடிவாரத்தில் கடையை மூடினால், வண்டியைக் கிளப்ப மனைவி மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டும். அவள் வரும்வரை அவர் வண்டியில் சாய்ந்து நிற்பார். போகிறவர் வருகிறவரெல்லாம் "பெட்ரோல் தீர்ந்துடுச்சா சார்?" என்று கேட்பார்கள். இதைக் கேள்விப்பட்டதும் அவள் தினமும் காலையில் இரண்டு பெரிய வெண்ணெய் பன் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பத் தொடங்கினாள். "பெரிய சிலிண்டர் மூத்தவளுக்கு மட்டும் இருந்தாப் போதாது, உங்களுக்கும் வேணும்" என்றாள்.

மாதங்கள் போயின. அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டி வந்தது. ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத சமயம் என்று நினைத்து வெளியே வந்து, கிக்கரில் காலை வைத்துச் சும்மா சாய்ந்து பார்த்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது! குதிக்காத குறையாகத் திரும்பிப் பார்த்தார். காலையில் வந்துபோன ஒரு வாடிக்கையாளர் எப்போதோ திரும்பி வந்து கடைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா சார்? நானே கிளப்பினேன், பாத்தீங்கள்ல?"

"எங்க பாக்கறது?" என்றார் வாடிக்கையாளர். "என் கண்ணாடி உங்க மேஜையில பிரிச்சுக் கிடக்கே."

மனைவி இன்றுவரை அதை நம்பவில்லை.