ஆர்.ஐ. கேட்டதற்கு நான் சொன்னது

எங்கள் தெருவில் ஒரு முருகர் படம் உண்டு. அது யாருக்கும் சொந்தமில்லை. ரெத்தினம் அத்தை வீட்டுப் பரணில் சாக்கில் சுற்றிக் கிடக்கும். சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றால், அன்று காலை அந்த வீட்டுக்குப் போகும். இயேசுவின் படத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு அதே ஆணியில் முருகரை மாட்டுவார்கள். பெண்கள் பொட்டு வைத்துக்கொள்வார்கள். மத்தியானத்துக்குள் படம் பரணுக்குத் திரும்பிவிடும்.

கிறிஸ்தவர் என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்கு எஸ்.சி. கிடையாது, பி.சி. ஆக்கிவிடுவார்கள். அதனால் தெருவில் முக்கால்வாசிப் பேர் காகிதத்தில் இந்து, ஞாயிற்றுக்கிழமை லுத்தரன். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை, இந்த வருஷம் ஈஸ்டர் வரைக்கும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, விசுவாசத்தைச் சபையில் அறிக்கையிடும் திடப்படுத்தல் எனக்கு நடந்தது. மற்றவர்கள் பதினான்கு வயதில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பத்தொன்பது. சபைக்கு முன்னால் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டுமே என்று ஐந்து வருஷம் தள்ளிப்போட்டேன். பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் விட்டேன். எழுந்து வாசி என்றால் எனக்குக் குரல் வராது. பத்தாவதோடு நின்றுவிட்டேன்.

பாஸ்டர் கிளமென்ட் கேட்டார்: "நீ யாருடையவள் என்று எவர் கேட்டாலும் மறைக்காமல் சொல்வாயா?"

"சொல்லுவேன்" என்றேன். முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் சொன்னேன்.

ஜூன் மாதம் என் தங்கை அருள்ஜோதிக்கு நர்சிங் கவுன்சலிங் வந்தது. அவள் எடுத்த மார்க்குக்கு எஸ்.சி.யில் கட்டாயம் சீட் வரும், பி.சி.யில் வராது என்று அவள் டீச்சர் சொல்லியிருந்தார். பழைய அட்டை செல்லாது, புதிதாக ஆன்லைனில் சான்றிதழ் வாங்கு என்றார்கள். அதற்காகத்தான் வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., எங்கள் வீட்டுக்கு வந்தார்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பெல்லாம் சேறு. ஆர்.ஐ. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். உட்கார்ந்ததும் அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்க இராஜாங்கம், இந்த முருகர இந்தத் தெருவுல மூணாவது வீட்ல பாக்குறேன். நடந்தே ஊரச் சுத்துறாரு போல. மயிலு எங்க போச்சு?"

அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆர்.ஐ. நல்ல மனுஷர். அவர் எதையும் கண்டுபிடிக்க வரவில்லை, முடித்துக் கொடுக்கத்தான் வந்தார். எழுதிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"பெரிய பொண்ணா? நீ சொல்லும்மா, இந்துதானே நீங்க?"

அருள்ஜோதி பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். தலையாட்டினால் போதும். தலையாட்டுவது எனக்கு வாழ்நாள் பழக்கம்.

"இல்லைங்க சார். நாங்க கிறிஸ்டியன்."

எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. வாசலில் நின்ற தலையாரி திரும்பிப் பார்த்தார். ஆர்.ஐ.யின் பேனா நின்றுவிட்டது.

"நான் மட்டும் கேட்டிருந்தா காதுல விழாத மாதிரி போயிருப்பேன்மா. தலையாரி காதுலயும் விழுந்துடுச்சே" என்றார் மெதுவாக. பிறகு அப்பாவிடம், "திங்கக்கிழமை ஆபீசுக்கு அனுப்புங்க. பயத்துல தப்பா சொல்லிட்டேன்னு அவ கைப்பட ஒரு லெட்டர் கொடுக்கட்டும். அதுவரைக்கும் ஃபைல் எங்கிட்ட இருக்கும்" என்றார். டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

அம்மாதான் முதலில் பேசினாள். "இத்தன வருசம் வாயில கொழுக்கட்டய வச்சிருந்த. இன்னிக்குத்தான் முழுங்கணுமாடி?"

ரெத்தினம் அத்தை வந்து முருகரைக் கழற்றினாள். "இனிமே இவரு எந்த வீட்லயும் செல்லமாட்டாரு. அடுத்த மாசம் எம் பேத்திக்கு விசாரணை. நல்லா இரு தாயி."

அப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வானதி, ஆண்டவருக்கு நம்ம நெலம தெரியாதா? அவரு என்ன ஆர்.ஐ.யா, பேப்பரப் பாத்து முடிவு பண்ண? ஒரு லெட்டர்தான். எழுதிடும்மா."

சனிக்கிழமை பாஸ்டரிடம் போனேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"நீ சொன்னத தப்புன்னு நான் சொல்ல முடியாதும்மா" என்றார். "ஆனா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். எம் பையன் சர்டிபிகேட்டும் அப்படித்தான் இருக்கு."

எப்போது யோசித்திருக்க வேண்டும், சபையில் அவர் கேட்டபோதா, வீட்டில் ஆர்.ஐ. கேட்டபோதா? இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அருள்ஜோதி இரண்டு நாள் பேசவில்லை. ஞாயிறு சாயங்காலம் போர்செட்டில் துணி துவைக்கும்போது, சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் படிக்கப் போயிடுவேன், நீ இங்கயே கெடப்ப. அதானே உனக்கு?"

"இல்லடி."

"அப்ப இயேசுவுக்காகவா சொன்ன?"

"ஆமா."

"சத்தியமா?"

நான் துணியை அலசினேன். மே மாதம் அப்பா அவளுக்கு ஹாஸ்டலுக்கென்று சக்கரம் வைத்த நீலப் பெட்டி வாங்கி வந்தார். அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது யாருக்கும் தெரியாது. கதவோரம் நின்று பேசியது என் விசுவாசமா, அந்த வயிற்றுவலியா? எவ்வளவு ஜெபித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விசுவாசம் என்றால் நான் லெட்டர் எழுதக் கூடாது. பொறாமை என்றால் கட்டாயம் எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்ததென்றால் என்ன செய்வது?

திங்கட்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஆர்.ஐ. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார். அருள்ஜோதி தன் பேனாவைத் திறந்து நீட்டினாள்.

"நீயே சொல்லு, எழுதட்டுமா?" என்றேன்.

"எங்கிட்ட கேக்காதக்கா. நான் சொன்னா எழுதிடுவ. அப்புறம் ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுவ. எனக்கு அது வேணாம்."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எழுத மூன்று தடவை பேனாவை வைத்தேன். கடைசியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆர்.ஐ. அதைச் சத்தமாகவே வாசித்தார்.

"நான் சொன்னது உண்மை. என் தங்கைக்கு நர்சிங் கிடைக்க வேண்டும் என்று நான் தினமும் ஜெபிப்பதும் உண்மை." தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இத வச்சு நான் என்ன பண்ணட்டும்?"

அருள்ஜோதிதான் முதலில் எழுந்தாள். "அந்த மனுவத் தள்ளிடுங்க சார். நாங்க வேற போட்டுக்கிறோம்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த இ-சேவை மையத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கம்ப்யூட்டரில் இருந்தவர் தலை நிமிராமல், "மதம்?" என்றார்.

"கிறிஸ்டியன்." அவரிடம் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "போதுமா உனக்கு? சந்தோஷமா?"

அவள் அதைக் கோபத்தில் சொன்னாள். கோபத்தில் சொன்னால் அது அறிக்கை ஆகுமா? அவளை நான் ஆண்டவரிடம் கொண்டுவந்தேனா, ஆண்டவர்மேல் அவளுக்கு வெறுப்பு வரச் செய்தேனா? சந்தோஷம் இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது, எதற்கு என்று தெரியாமல்.

"பி.சி. ஆயிடும், பரவாயில்லையாம்மா?" என்றார் அவர்.

அருள்ஜோதி திரையில் தன் பெயரையும் அப்பா பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

"அனுப்பிடுங்கண்ணே" என்றாள்.