ஏலகிரி அடிவாரத்தில் தங்க இடம்

கல்யாணமான நாளிலிருந்து எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்லி நான் நச்சரித்ததற்கு, இந்தக் கோடையில்தான் என் புருஷன் பாஸ்கலுக்கு லீவும் ரயில்வே பாஸும் சேர்ந்து கிடைத்தன. அவர் பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் எஞ்சின் டிரைவர்; ஜோலார்பேட்டை வரை வண்டி ஓட்டிப் போய், அங்கே படுத்துவிட்டுத் திரும்புவார். ராயபுரத்து வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு, தரையில் விரலால் கோடு கிழித்து வழியைக் காட்டினார்.

“மொதல்ல பெங்களூரு. லால்பாக், மார்க்கெட், சினிமா எல்லாம் பாத்துடலாம். திரும்பி வர்றப்போ ஜோலார்பேட்டைல எறங்கிக்கலாம். ஏலகிரி மலை, மாந்தோப்பு, நல்ல காத்து. கிராமம் பாக்கணும்னு கேட்டியே, வியாகுலம்?”

எனக்கு வாயெல்லாம் பல். “தங்கறதுக்கு?” என்றேன்.

“ரன்னிங் ரூம் கீதே! சமையல்காரன் நம்ம தோஸ்து. கோழி அடிச்சுப் போடுவான்.”

என் சிரிப்பு அப்படியே நின்றது. ரன்னிங் ரூம் என்பது வண்டி ஓட்டி வந்த டிரைவர்களும் ஃபயர்மேன்களும் படுத்து எழுந்து போகிற இடம். பொம்பளைகளை வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள். அதை எனக்குச் சொன்னதே இந்த மனுஷன்தான்.

“அப்போ நான் எங்கய்யா படுக்கிறது?”

அவர் அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தலையைச் சொறிந்தார்.

“ஸ்டேஷன்ல லேடீஸ் வெயிட்டிங் ரூம் கீது. ஃபேன்கூட போட்டுகீறான்.”

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எச்சில் தட்டை எடுத்து வாசலில் விட்டெறிந்தேன்.

“யோவ், வருசம் பூரா நீ ஜோலார்பேட்டைல படுத்துக்கினு கீற. நான் இந்த வூட்ல தனியா படுத்துக்கினு கீறேன். தனியா படுக்கறதுக்கு நான் ரயிலேறி அங்க வரணுமா?”