மீட்டர் வாங்கிய கையெழுத்து

காமயகவுண்டன்பட்டி விலக்கில், ஜேசிபி அறுத்துப்போட்ட இன்டர்நெட் கேபிளின் முன், ஒட்டு வேலைக்கு வந்த சங்கிலி முக்கால் மணி நேரமாகக் குத்தவைத்திருந்தான். தலைமுடி கனத்தில் இருந்த கண்ணாடி இழைகளைத் துடைத்து, நுனி வெட்டி, ஒட்டுவதற்கு எடுத்து வைத்தாயிற்று. இழைக்குள் வெளிச்சம் அனுப்பும் தேனிப் பக்கத்து லேசரை அணைத்தார்களா என்பதுதான் தெரியவில்லை. அந்த வெளிச்சம் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை கூடிக் குறைந்து, ஊர் பேசுவதையும் பார்ப்பதையும் சுமந்து போகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுட்டுவிடும். மீட்டர்தான் காட்டும். இருந்த ஒரே மீட்டரை ஆண்டிபட்டி ஆட்கள் வாங்கிப் போயிருந்தார்கள்.

மேனேஜர் வினோத்ராஜுக்குப் போன் போட்டான். "சார், மீட்டர் இல்ல. லேசர ஆஃப் பண்ணிட்டாகளா?"

"எல்லாம் ஆஃப்புதான். நொய்நொய்ங்காம ஒட்டுப்பா. கம்பம் பூரா நெட் இல்லாமக் கத்துறாக."

சங்கிலி இழையின் நுனியை மொபைல் கேமராவுக்கு நேரே பிடித்தான். பழைய லைனில் ஊதாப் புள்ளி தெரியும், இதில் ஒன்றுமில்லை. இந்த லேசர் மொபைலுக்கும் தெரியாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தூசி பார்க்கும் சின்ன மைக்ராஸ்கோப்பை வலக்கண்ணில் வைத்து, ஒவ்வொரு நுனியாக நிதானமாகப் பார்த்தான்.

கருவிழி வெந்திருக்கிறது என்றார் மதுரை டாக்டர்.

நான்காம் நாள் தேனி ஆபீஸில், கண்ணில் கட்டோடு நின்றான். வினோத்ராஜ் பன்னீர் திராட்சை தின்றுகொண்டே, கொட்டைகளைப் பேப்பரில் துப்பினார்.

"ஆஃப்னு சொன்னீகளே சார்?"

"அணச்சா சின்னமனூரும் சேந்து நின்னுபோயிருக்கும். கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் எப்பிடிய்யா சுடும்?" இன்னொரு கொட்டை விழுந்தது. இந்த வாய் சொன்னதை நம்பித்தானே பார்த்தோம் என்று சங்கிலிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வினோத்ராஜ் ஒரு ரிஜிஸ்டரை நகர்த்தினார். "கையெழுத்துப் போடு. கேபிள் ஒட்டப் போன ஆறாந்தேதி மீட்டர் வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்கேன்."

"நான் வாங்கலையே சார்."

"அடுத்த மாசம் வேலைக்கு வரணுமா, வேணாமா? ஒத்தக் கண்ணுக்காரனுக்கு வேற எவன் வேல தருவான்?"

சங்கிலி பேனாவை எடுத்தான். இடக்கண்ணும் நீர் கோத்து, கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன. பேனா தாளுக்கு மேலே தடுமாறியது.

"இங்கன," என்று வினோத்ராஜ், திராட்சைச் சாறு பிசுபிசுத்த விரல்களால் அவன் கையைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தார்.