டெய்சிக்குப் பழகிய இடப்பக்கம்

சுற்றுலா விளம்பரத்துக்கென்று சிட்னியிலிருந்து வரவழைத்த பெண்ணிடம் டெய்சி போகவே இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவள் பூசியிருந்த சென்ட்தான் காரணம். கோலாக் கரடியான டெய்சிக்கு மூக்குதான் எல்லாம். சரணாலயத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் கோரல் அவள் தோளருகே கொண்டுபோகும்போதெல்லாம் டெய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோரலின் சட்டையையே பிடித்துக்கொண்டது. கடைசியில் அந்தப் பெண்ணின் வெள்ளைப் பாவாடையில் ஒன்றுக்கும் போய்விட்டது.

"விளம்பரத்துல இந்த வாசனை வராது, கவலப்படாதம்மா," என்றாள் கோரல். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உடை மாற்றப் போனாள்.

புகைப்படக்காரர் லாயிட் காமிராவை இறக்கினார். "பேசாம இங்க பாத்துக்கிறவங்களே யாராவது தூக்கிக்கிட்டு நில்லுங்களேன். காக்கிச் சட்டை, தொப்பி... பாக்க உண்மையா இருக்கும்."

"என் மூஞ்சியப் பாத்தா ஊருக்கு வர்றவனும் டிக்கெட்ட கேன்சல் பண்ணிருவான்," என்றாள் கோரல். "அதோ மெரின் இருக்கா. டெய்சிய வளத்ததே அவதான்."

வேலிக்கு அப்பால் யூகலிப்டஸ் தழையைக் கட்டுக் கட்டாகத் தொட்டியில் நட்டுக்கொண்டிருந்த மெரினுக்கு அது கேட்டது. கேட்காதது போல் இன்னொரு கட்டை எடுத்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பி அதிக நாளாகவில்லை. கோடையில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். படுத்திருந்த மாதங்களில் இந்தச் சரணாலயத்து ஆட்கள் அவளுக்குச் செய்தது கொஞ்சமில்லை. டப்பா டப்பாவாகச் சாப்பாடு வந்தது. யாரோ வந்து வீட்டுப் புல்லை வெட்டிவிட்டுப் போனார்கள். அது யாரென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்த அன்று மேலாளர் கேட்டபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். ஆனால் தழை வெட்டுவது, கூண்டு கழுவுவது என்று வேலைகளைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு டெய்சியிடம் மட்டும் போகாமலிருந்தாள்.

இங்கே எல்லாக் கோலாக்களையும் இடத்தோளில் உட்காரத்தான் பழக்குவார்கள். பார்வையாளர்களைப் படமெடுக்கும் காமிரா ஒரே இடத்தில் நிற்பதால் வந்த வழக்கம் அது. தாயை இழந்த குட்டியாக வந்த டெய்சிக்கு அதைப் பழக்கியவள் மெரின். துணிப்பையில் வைத்து, இதே இடப்பக்கத்தில் அணைத்துக்கொண்டு, பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாள். இப்போது அந்த நகங்கள் தழும்பின் மேல் பதிந்தால்? வலியில் ஒரு துள்ளல் போதும், டெய்சி மிரண்டுவிடும். தூக்கினால் துள்ளுகிறவளுக்குக் கோலாவோடு என்ன வேலை? பிறகு கடைசிவரை தழை வெட்டும் கொட்டகையில்தான் வேலை.

"ஏய் மெரின், செவிடாயிட்டியா?" கோரல் வேலிக்கு அருகே வந்தாள். குரலைத் தாழ்த்தி, "வேணாம்னா சொல்லிடுடீ. நான் ஏதாவது கத வுட்டு அவர அனுப்பிடுறேன்," என்றாள்.

அவள் அப்படிக் கேட்காமல் வற்புறுத்தியிருந்தால் மெரின் மறுத்திருப்பாள்.

"கைய கழுவிட்டு வரேன்," என்றாள்.

ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் ஒரு கோலாவை மனிதர்கள் தூக்கக் கூடாது. இன்றைய அரை மணியில் பாதியை அந்தப் பெண்ணின் சென்ட் தின்றுவிட்டது. லாயிட் அவசரமாக இடத்தைக் காட்டினார். மெரின் போய் நின்று உள்ளங்கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வயிற்றருகே வைத்தாள். பார்வையாளர்களுக்கு அவள் வழக்கமாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. மரம் மாதிரி நில்லுங்க. அது உங்களக் கட்டிப்பிடிக்கல, மரம்னு நெனச்சுப் பிடிச்சிருக்கு. சிலருக்கு முகம் வாடிவிடும். விளம்பரப் பலகைகளில் அதை அன்பு அணைப்பு என்றல்லவா போட்டிருக்கிறார்கள்.

யாரும் கவனிக்காதபடி வலத்தோளைத்தான் முன்னால் கொடுத்தாள். டெய்சி அதில் ஏறியது. ஒரு கணம் யோசித்தது. பிறகு, அவள் சொல்லிக்கொடுத்ததை மறக்காத பிள்ளையாக, நிதானமாக இடப்பக்கம் நகர்ந்தது. ஒரு கை தோளுக்கு மேல் போனது. இன்னொரு கையின் நகங்கள் சட்டையில் மாட்டின.

மெரின் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

வலியில்லை. நகமில்லை. டெய்சியே இல்லை. அந்த இடத்தில் ஒரு பலகையை வைத்துத் தைத்தது போலிருந்தது. மரத்துப்போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது அதை நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் பயந்து ஒதுங்கியிருந்த வலி இப்போது வந்தால் தேவலை என்று தோன்றியது. எந்தக் குட்டியின் மூச்சை அந்த இடத்தில் வாங்கித் தூங்கினாளோ, அது மறுபடி அங்கேயே வந்து படுத்திருக்கிறது, அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

அழுதால் உடம்பு குலுங்கும். குலுங்கினால் டெய்சி மிரளும். அதனால் அழாமல் நின்றாள்.

அப்படி நின்றபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் டெய்சியின் கனம். முன்பைவிடக் கூடியிருந்தது. கோரல் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாடையில் உரசும் காது மயிர். கழுத்தெலும்புக்கு மேலே ஈரமூக்கு, அதிலிருந்து நீலகிரித் தைலம் கலந்த சின்ன வெப்பம். டெய்சி எதையும் தேடவில்லை, எதுவும் குறைகிறதென்று அதற்குத் தோன்றவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டது. இத்தனை மாதமாக அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்போடுதான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரின் கண்ணும் ஒரு முறை கீழே இறங்கி, அவசரமாக மேலே ஏறும். இந்தப் பிராணி அவளைப் பார்க்கக்கூட இல்லை. நிற்க ஒரு இடம் கிடைத்ததென்று நின்றுவிட்டது. அதற்காக அதன் காலில் விழலாம் போலிருந்தது அவளுக்கு.

"கண்ண மூடுது," என்றார் லாயிட். "கொஞ்சம் தட்டி எழுப்புங்களேன்."

"தூங்கட்டும்."

"முழிச்சிருந்தாதாங்க போஸ்டருக்கு நல்லாயிருக்கும்."

"நாளெல்லாம் தூங்குற சீவன் இது. முழிச்சிருக்கிற மாதிரி காட்டி ஆளக் கூப்பிட்டா, வந்தவங்க எங்களத்தான் திட்டுவாங்க."

"அதுவும் சரிதான்," என்று சிரித்துவிட்டுப் படமெடுக்கத் தொடங்கினார். 

நேரமாயிற்று என்று கோரல் கை காட்டினாள். மெரின் டெய்சியைக் கிளையருகே கொண்டுபோனாள். அது தூக்கக் கலக்கத்தில் ஏறிக் கவட்டையில் சுருண்டுகொண்டது. மெரின் திரும்பியதும் கோரலின் முகம் மாறியது.

"மெரின், ரத்தம்."

சட்டையின் இடப்பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு ஊறியிருந்தது. தொப்பியால் மறைத்துக்கொண்டு, முள் கீறியது என்று சொல்லியிருக்கலாம். தழைக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஆனால் அடுத்த முறை இதைவிட ஆழமாகக் கீறினாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"அங்க எனக்கு உணர்ச்சியே இல்ல கோரல். மேலாளர்கிட்ட எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னது பொய். இனிமே டெய்சிய தூக்கும்போது யாராவது பக்கத்துல நின்னு பாத்துச் சொல்லணும்."

கோரல் அவள் கையைப் பிடித்தாள். "வா," என்று மருந்து அறைக்கு இழுத்துப் போனாள். "நாளைக்கு ரெண்டு பேரும் போய் மேலாளர்கிட்ட சொல்லுவோம். பக்கத்துல நான் நிக்கிறேன். சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் யாருக்குக் கசக்கும்?"

கதவைச் சாத்திவிட்டு மெரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். கோரல் தழும்பைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், பிறகு பஞ்சை மருந்தில் நனைத்துக் கீறலைத் துடைத்தாள்.

"எரியுதா?"

"இல்ல."

பஞ்சு மெல்ல மேலே நகர்ந்தது. "இங்க?"

"இல்ல."

"இங்க?"

"ம்... சில்லுன்னு இருக்கு," என்றாள் மெரின். "இன்னும் கொஞ்சம் மேல வை."