பில்லரைத் தள்ளிய காலை

எங்கள் ஊரில் புது வீட்டில் பால் காய்ச்சும் முன் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் வந்து நடுப் பில்லரைத் தள்ளிப் பார்ப்பார்கள். கிழக்கே நின்று பெண் வீட்டார், மேற்கே நின்று மாப்பிள்ளை வீட்டார். மாறி மாறி, ஒவ்வொரு முறையும் முன்னைவிடப் பலமாக. பில்லர் அஸ்திவாரத்தை விட்டுவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

இன்று எங்கள் வீட்டின் முறை. எனக்கும் என் பெண்டாட்டி மரகதவல்லிக்கும் போன வாரம்கூடச் சண்டை. அவள் இருப்பாளா போவாளா, பிடிபடவே இல்லை. காலையில் பால் பாத்திரத்தையும் எடுத்து வைத்தாள், தன் துணிப் பெட்டியையும் கட்டி வாசலுக்கு வெளியே வைத்தாள். இதில் எதை நான் நம்புவது?

மச்சான் கனகசபை சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார். பில்லர் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்து என் சித்தப்பா ஆட்கள். பில்லரின் அடியில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு.

"வெடிக்கட்டும். விட்டுக்கொடுத்தாதான் நிக்கும்," என்றார் இன்ஜினியர் தேவசகாயம். ஆனால் அதற்குமேல் வெடிக்கவில்லை. குனிந்து பார்த்தார். "உள்ள எவ்வளவு கம்பி போட்டீங்க?"

கம்பி கட்டுகிறவரிடம் தனியாகப் போய் இரண்டு மடங்கு கட்டச் சொன்னவன் நான். வாயைத் திறப்பதற்குள், "நான்தான் கூடக் கட்டச் சொன்னேன்," என்றாள் மரகதவல்லி.

"நீயுமா? அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களாக்கும்!"

எனக்குச் சந்தோஷமா அழுகையா ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் அந்தப் பெட்டி எதற்கு?

"அப்புறம் பேசிக்கலாம் மாப்பிள்ளை, கடைசித் தள்ளு பாக்கி இருக்கு," என்றார் மச்சான். பெண் வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். பில்லர் அஸ்திவாரத்தை விடவில்லை. அஸ்திவாரம்தான் மண்ணை விட்டது. ஒரு பக்கம் எழும்பி இறங்கியது, பிறகு மறுபக்கம். அப்படியே வீடு மொத்தமும் மேற்கே நடக்க ஆரம்பித்தது.

"பில்லர் பாஸ்," என்றார் தேவசகாயம். எல்லோரும் தெருவில் இறங்கிக் கை தட்டிவிட்டு வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள்.

நானும் அவர்களோடு இறங்கி நின்றேன். மரகதவல்லி பாத்திரத்தோடு ஏறிவிட்டாள். "என்னங்க, நிக்காதீங்க, வாசல் போகுது!" அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் நானும் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கினால் நல்லது என்பார்கள். வீடு அப்போது முக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இது எந்தப் பக்கம்?" என்றேன்.

"திரும்பி முடிக்கட்டும், பார்த்துக்கலாம்," என்று சொல்லி அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.