ஜெயரூபனின் முதல் சவாரி

ஜெயரூபனுக்கு முப்பத்தாறு வயது; எடை ஐம்பத்தொரு கிலோ. கோப்பாயில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடமாக வேலை. நல்லூரில் கல்யாணப் படம் எடுத்த அன்று, படம் பிடித்தவர் அவனை ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தித்தான் வினோஜாவுக்குச் சமமாக்கினார். கல்யாணம் முடிந்து இருபத்தாறாம் நாள் வினோஜா கனடாவுக்குத் திரும்பிப் போனாள். அங்கே அவளுக்கு ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை. வீட்டில் நடமாட முடியாத தாய், வயதான மாமா. அவனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகிவிட்டது.

தினமும் காலை ஆறு மணிக்கு அவளுடைய முகம் தொலைபேசியில் வரும்.

"கடிதம் ஏதும் வந்ததே?"

"இன்னும் இல்லை."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. இருபத்தாறு நாளில் சேர்த்த கதைகளை எத்தனை தரம்தான் திருப்பித் திருப்பிப் பேசுவது? ஆனாலும் யாரும் முதலில் தொலைபேசியை வைப்பதில்லை. அவளுக்குப் பின்னால் தெரியும் சன்னலை அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு ஆசையும் அவனுக்கு இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. எங்கே மாட்டு வண்டில் சவாரிப் போட்டி நடந்தாலும் சைக்கிளில் போய், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடுவான். இரண்டு வண்டில்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது கால்கள் தம்பாட்டில் நிலத்தை அழுத்தும். ஆனால் ஏறிப் பார்க்க வேண்டுமென்று யாரைக் கேட்பது? அவனுடைய தகப்பன் தையற்காரர். மாடும் இல்லை, காணியும் இல்லை.

மாசி மாதம் ஒருநாள் கேதீஸ்வரன் கடைக்கு வந்தான். ஜெயரூபனோடு ஒரே வகுப்பில் படித்தவன், வெங்காயப் பயிர் செய்கிறவன், ஒரு சோடி சவாரி மாடு வைத்திருப்பவன். பயிற்சியின்போது வண்டில் புரண்டு அவனுடைய முழங்கால் நொறுங்கியிருந்தது. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, கடையிலிருந்த எடைத் தராசில் ஏறினான். தொண்ணூற்று நாலு.

"மாடுகளிலை எனக்கு இரக்கமில்லையெண்டு மனுசி பேசுறாள். சரிதான் போலை," என்று சிரித்தான். "நீ ஏறு பாப்பம்."

ஜெயரூபன் ஏறினான். கேதீஸ்வரன் முள்ளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"மச்சான், எனக்கு இந்த வருசம் முழுக்க வண்டிலிலை ஏற ஏலாது. மாடு ரெண்டும் சும்மா நிக்குது. நீ ஓட்டுவியே?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தான்.

"ஓம்," என்றான்.

வினோஜாவிடம் அவன் சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு எந்த நேரமும் அழைப்பு வரலாம். கை காலை உடைத்துக்கொண்டு நிற்க வேண்டாமென்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். கடையில் காலை வேலை கூடிவிட்டதென்று சொல்லி, அவளுடைய அழைப்பை ஏழு மணிக்கு மாற்றினான்.

உப்பாற்றங்கரைத் தரவை வெளியில் விடியற்காலையில் பயிற்சி. முதல் இரண்டு கிழமையும் கேதீஸ்வரன் மாடுகளை ஓடவே விடவில்லை, நடை மட்டும்தான். வலப்பக்கம் சிவலை மாடு, இடப்பக்கம் மயிலை மாடு. கயிற்றை இழுத்தால் சிவலை முறைத்துக்கொள்ளும், தளர்த்தினால் மயிலை தூங்கி வழியும். மூன்றாம் கிழமை ஓட விட்டான். வண்டில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது ஜெயரூபனின் உடம்பு பலகையை விட்டு எழும்பியது. காது நிறையக் காற்று. முன்னால் இரண்டு முதுகுகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. இதற்காகத்தானா இத்தனை வருடம் வேலியோரம் நின்றேன் என்று நினைத்துக்கொண்டான்.

நாலாம் கிழமை தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கொக்கு திடீரென்று எழும்ப, சிவலை வெருண்டு பாய்ந்தது. ஜெயரூபன் கீழே கிடந்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துவிட்டது.

"கையை ஏன் ஒளிக்கிறியள்?" என்றாள் வினோஜா, ஏழு மணிக்கு.

"சைக்கிளாலை விழுந்திட்டன்."

"மருந்து போட்டனீங்களே?"

"மருந்துக்கடையிலை எல்லோ நிக்கிறன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவனை அன்று முழுவதும் குத்திக்கொண்டே இருந்தது.

சித்திரைப் புதுவருடம் கழிந்த ஞாயிறு, பக்கத்து ஊர்த் திடலில் அவனுடைய முதல் போட்டி. புதியவர்கள் ஓடும் கடைசிப் பிரிவு. "கோப்பாய் கேதீஸ்வரனின் சோடி, ஓட்டுபவர் ஜெயரூபன், முதல் முறை!" என்று ஒலிபெருக்கி கத்தியபோது அவன் கயிற்றைக் கையில் இறுக்கினான். கொடி விழுந்தது. பக்கத்து வண்டில் முந்திப் பாய்ந்தது. அவன் குனிந்து, கயிற்றைத் தளர்த்தி, தொண்டை கிழியக் கத்தினான். பாதித் தூரத்தில் இரண்டு சோடியும் ஒன்றுக்கொன்று சரிசமம். அந்த நேரத்தில் கடிதமும் இல்லை, கனடாவும் இல்லை, மாடுகளும் அவனும்தான். கடைசியில் சனத்தின் இரைச்சலுக்குச் சிவலை மிரண்டு இடப்பக்கம் தள்ளியது. ஒரு வண்டில் நீளத்தில் தோற்றுப்போனான்.

கேதீஸ்வரன் ஊன்றுகோலோடு விந்திக்கொண்டு ஓடி வந்தான். "விழாமல் வந்தாய் பார், அதுவே காணும்!"

தோற்றவன் பல் முழுதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அங்கே அப்போது விடிந்திருக்கவே மாட்டாது.

"தோத்திட்டியள்," என்றாள் வினோஜா.

அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். வண்டில் சில்லைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா ஒவ்வொரு சவாரியையும் நேரலையிலை பாக்கிறவர். உங்கடை பேரைக் கேட்டவுடனை என்னை எழுப்பிப்போட்டார். சைக்கிளாலை விழுந்தது பொய், என்ன?"

"ஓம். பிழைதான். உமக்குச் சொல்லியிருக்கோணும்."

"ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் உங்கடை முகத்தைப் பாக்கிறன். இண்டைக்குக் கண்ட முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. கோவமும் வந்தது, அழுகையும் வந்தது." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்சை வர உங்களுக்கு விருப்பமோ?"

சும்மா ஓம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்யைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"உம்மிட்டை வர விருப்பம். கனடாவுக்கு வர விருப்பமோ எண்டு கேட்டால், தெரியாது வினோஜா."

"அம்மாவை விட்டிட்டு நான் அங்கை வர ஏலாது."

"தெரியும்."

திடலில் அடுத்த சோடி ஓடி முடிந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அந்தச் சிவத்த மாடு ஏன் கடைசியிலை அப்பிடித் தள்ளினது?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். அவள் இன்னொன்று கேட்டாள். அவள் கனடாவுக்குப் போன நாள் தொட்டு, கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அவர்கள் நாற்பது நிமிடம் பேசியது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அவன் ஓடிய ஒவ்வொரு ஞாயிறும் அவள் இருட்டோடு எழும்பி மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஆனி மாதம் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது; கொழும்புக்குப் போய் வந்தான், குறையொன்றும் இல்லை. ஆடியில் ஒரு போட்டியில் வென்றான். அன்று வினோஜா போட்ட சத்தத்தில் தாய் தூக்கத்திலிருந்து பயந்து எழும்பிவிட்டாளாம். புரட்டாசியில் விசா வந்தது. அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவள் அழுதாள். அவனும் அழுதான். இருவரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

"சித்திரைக்குச் சித்திரை லீவெடுத்துப் போய் ஓடுங்கோ," என்றாள்.

"பாப்பம்," என்றான்.

பயணத்துக்கு நாலு நாள் முன்பு கடைசிச் சவாரி. "வண்டிலாலை இறங்கினவுடனை கோல் எடுங்கோ, நான் பாத்துக்கொண்டிருப்பன்," என்று சொல்லியிருந்தாள். இறுதி ஓட்டத்தில் இரண்டாமிடம். கோட்டைத் தாண்டியதும் கேதீஸ்வரன் தூரத்தில் நின்று கை தட்டினான்; கிட்ட வரவில்லை.

அவளுடைய குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. வண்டிலை விட்டு இறங்கவும் மனம் வரவில்லை. மாடுகளை மெல்ல நடக்கவிட்டு, திடலின் கடைசி எல்லை வரைக்கும் போனான்.